பழைய பைதான் பதிப்புகளுக்கான ஆதரவை எப்போது நிறுத்துவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இது: நீங்கள் பராமரிக்கும் பைதான் லைப்ரரி இன்னும் 3.8 முதல் எல்லாப் பதிப்புகளிலும் ஓடுகிறது. 3.10-க்குக் கீழே உள்ளதையெல்லாம் விட்டுவிடலாம் என்று ஒருவர் மாற்றம் அனுப்பியிருக்கிறார். அதற்குக் கீழேயே ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர், "எங்கள் சர்வர்களில் பழைய பைதான்தான் இருக்கிறது, தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, இதற்கென்று ஏதாவது விதி உண்டா என்று கேட்கிறீர்கள்.

எடுத்துவிடுங்கள். 3.8, 3.9 இரண்டையும் அடுத்த ரிலீஸிலேயே எடுக்கலாம். 3.8-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரில் நின்றுவிட்டன, 3.9-க்கானவை 2025 அக்டோபரில். மொழியை உருவாக்குபவர்களே திருத்துவதை நிறுத்திவிட்ட ஒரு பதிப்பை, சம்பளம் வாங்காமல் ராத்திரி நேரத்தில் வேலை பார்க்கும் நீங்கள் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் எப்படி எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். இந்த விஷயத்தில் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை எடுத்ததற்காக வந்தவையே இல்லை, எடுத்த விதத்துக்காக வந்தவை.

முதலில் அந்தக் கம்பெனிக்காரரின் பயத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அது உங்களுக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பதிப்பை விட்டால் அதில் இருப்பவர்களின் நிரல் நாளைக் காலையில் நின்றுபோகும் என்ற பயம். இப்போதிருக்கும் உங்கள் ரிலீஸ் 1.9 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 2.0 வெளியிட்டு, அதற்குக் குறைந்தது பைதான் 3.10 வேண்டும் என்று சொல்கிறீர்கள். 1.9 எங்கும் போய்விடாது, பைதான் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் அப்படியே இருக்கும். 3.8 வைத்திருக்கும் ஒருவர், லைப்ரரிகளை நிறுவும் கருவியான பிப் மூலம் உங்கள் லைப்ரரியை நிறுவும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிப் முதலில் பைபிஐயிடம் உங்கள் லைப்ரரிக்குரிய கோப்புகளின் பட்டியலை வாங்குகிறது. கோப்புக்கு ஒரு இணைப்பு என்று வரிசையாக இருக்கும் எளிய பக்கம் அது. அந்த ஒவ்வொரு இணைப்போடும், இந்தக் கோப்புக்கு எந்தப் பைதான் வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்தே வரும். லைப்ரரியின் விவரங்களை எழுதி வைக்கும் பைப்ராஜெக்ட் கோப்பில் ரெக்வயர்ஸ்-பைதான் என்ற வரியில் நீங்கள் எழுதியதுதான் அங்கே வந்து உட்காருகிறது. பிப் தான் ஓடிக்கொண்டிருக்கும் பைதானின் எண்ணை அதோடு ஒப்பிட்டு, ஒத்துவராத கோப்புகளை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் புதியதை எடுக்கும். 3.8-காரருக்கு 1.9 இறங்கும், 3.12-காரருக்கு 2.0 இறங்கும். இரண்டு பேருக்கும் எர்ரர் எதுவும் வராது.

இந்த வசதி எப்போதும் இருந்ததில்லை. 2016 நவம்பரில் வந்த பிப் 9.0-தான் இந்தக் குறிப்பை மதிக்கத் தொடங்கியது. அதற்கு முன்னால் ஒரு லைப்ரரி பழைய பைதானைக் கைவிட்டால், பழைய பைதான்காரர்களுக்கும் புதிய கோப்பே இறங்கி, இறக்குமதி செய்யும் முதல் வரியிலேயே உடையும். பழைய பதிப்புகளை விடக் கூடாது என்று இன்றும் பலர் பதறுவதற்கு அந்தக் கால அனுபவம் ஒரு காரணம். பைதானை வரி வரியாக ஓட்டிப் பார்க்க உதவும் ஐபைதான் கருவியின் குழுவினர் பைதான் 2-ஐ விட முடிவு செய்தபோது, இந்த வசதி பிப்பிலும் பைபிஐயிலும் ஒழுங்காக வருவதற்கே உழைத்தார்கள். அதன் பிறகுதான் 2017 ஏப்ரலில் பைதான் 3-இல் மட்டும் ஓடும் ஐபைதான் 6.0-ஐ வெளியிட்டார்கள். பைதான் 2-காரர்களுக்காக 5.x வரிசையை நீண்ட கால ஆதரவோடு வைத்திருந்தார்கள். பழைய பிப் வைத்திருந்து தவறிப்போய் 6.0-ஐ இறக்கிவிட்டவருக்கு, பிப்பை 9.0-க்கு மேம்படுத்துங்கள், இல்லையென்றால் 5.x-ஐ நிறுவுங்கள் என்று தெளிவாகச் சொல்லும் ஒரு செய்தியையும் நிறுவும் நிரலிலேயே எழுதி வைத்தார்கள். ஒரு பதிப்பை எப்படி விட வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் காட்டும் உதாரணம் இதுதான்.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. நிரலில் புதிய இலக்கணத்தைப் பயன்படுத்திவிட்டு, ரெக்வயர்ஸ்-பைதான் வரியை மாற்ற மறந்துவிட்டால், 3.8-காரருக்கும் 2.0 இறங்கி உடையும். சரி, அவசரமாக வரியைத் திருத்தி 2.0.1 விடுகிறீர்கள். பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. 3.8-இல் ஓடும் பிப் 2.0.1-ஐ ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் புதியது எது என்று பார்க்கும். குறிப்பு தவறாக இருக்கும் 2.0 அங்கேயே இருப்பதால் மறுபடி அதையே எடுக்கும். ஏற்றிய கோப்பின் குறிப்பைப் பைபிஐயில் பிறகு மாற்றவும் முடியாது. அந்த 2.0-ஐ 'யாங்க்' செய்ய வேண்டும், அதாவது திரும்பப் பெற்றதாகக் குறிக்க வேண்டும். அப்படிச் செய்தால், யாராவது சரியாக 2.0 வேண்டும் என்று எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டாலொழிய பிப் அதைத் தொடாது. ஆகவே நிரலை மாற்றுவதற்கு முன்பே இந்த ஒரு வரியை மாற்றிவிடுவது நல்லது.

இதே காரணத்தால் மேல் எல்லை போடாதீர்கள். "3.10-க்கு மேல், 3.14-க்குக் கீழ்" என்று சிலர் ஜாக்கிரதையாக எழுதுகிறார்கள். 3.14 வைத்திருப்பவர் வந்தால் பிப் அந்த ரிலீஸை ஒதுக்கிவிட்டு, மேல் எல்லை போடாத ஏதோ ஒரு பழைய ரிலீஸைத் தேடிப் பிடித்து நிறுவப் பார்க்கும். அது புரியாத ஒரு எர்ரரோடு நிற்கும். கீழ் எல்லை மட்டும் போதும்.

அடுத்து, செலவு யாருடையது என்ற கேள்வி. பழைய பதிப்பை வைத்திருப்பதால் என்ன குறைந்துவிடும், நிரல்தான் ஏற்கெனவே ஓடுகிறதே என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். உங்கள் லைப்ரரி தனியாக நிற்கவில்லை, எண் கணக்குகளுக்கான நம்பை போன்ற வேறு பத்து லைப்ரரிகள் மேல் நிற்கிறது. அவை 3.8-ஐ எப்போதோ விட்டுவிட்டன. ஆகவே உங்கள் டெஸ்ட்டுகள் 3.8-இல் பழைய நம்பையோடும், 3.13-இல் புதிய நம்பையோடும் ஓட வேண்டும். இரண்டிலும் ஒரே விடை வர வேண்டும். 3.8-இல் மட்டும் ஒரு டெஸ்ட் தோற்றால், இனி யாருமே திருத்தப்போகாத ஒரு பழைய நம்பையின் பக்கை உங்கள் நிரலில் சுற்றிப் போக வழி தேட வேண்டும். டெஸ்ட் ஓட்டும் இயந்திரங்களும் காத்திருப்பதில்லை. டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சேவையான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் உபுண்டு லினக்ஸின் 22.04 பதிப்புக்கு மாறியபோது அங்கே பைதான் 3.6 கிடைக்கவில்லை, 24.04-இல் 3.7 இல்லை. அதை ஓட்ட வேண்டுமென்றால் பழைய இயங்குதளப் படிமத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், அதையும் அவர்கள் ஒருநாள் நீக்கிவிடுவார்கள். சி மொழியில் எழுதிய பகுதி இருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு பைதான் பதிப்புக்கும், லினக்ஸ், மேக், விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும், அவற்றில் இன்டெல், ஆர்ம் என்று தனித்தனியாகவும் கோப்பு கட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு பதிப்பைக் கூடுதலாக வைத்திருந்தால் ஆறேழு கோப்புகள் கூடும்.

என்னைக் கேட்டால் இதையெல்லாம்விடப் பெரிய செலவு ஆட்கள். கல்லூரியில் படிக்கும் ஒருவர் முதல் முறையாக ஒரு திருத்தம் அனுப்புகிறார். அவர் பைதான் கற்றதே 3.10-க்குப் பிறகுதான். மேட்ச் என்று எழுதுகிறார், அல்லது ஒரு சரத்தின் முன்னொட்டை நீக்க ரிமூவ்ப்ரிஃபிக்ஸ் போடுகிறார். முதலாவது 3.10-இல் வந்தது, இரண்டாவது 3.9-இல். அவருடைய கணினியில் எல்லாம் சரியாக ஓடியிருக்கும். உங்கள் டெஸ்ட் பக்கத்தில் 3.8 வரிசை மட்டும் சிவப்பாகத் தெரியும். அவர் 3.8-ஐக் கண்ணால் பார்த்ததே கிடையாது. அதை எங்கே போய் நிறுவுவது, அதில் இந்த வரியை எப்படி எழுதுவது என்று தேடி அலுத்து, பாதிப் பேர் திரும்பி வராமலே போகிறார்கள். பழைய பயனர் ஒருவருக்காகப் புதிய பங்களிப்பாளர் ஒருவரை இழக்கிறோம். பயனர் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார், பங்களிப்பாளர் சொல்லாமலே போகிறார். அதனால் இந்த இழப்பு யார் கணக்கிலும் வருவதில்லை.

அப்புறம் டவுன்லோடு எண்ணிக்கை. "நம் லைப்ரரியை இறக்குபவர்களில் இத்தனை சதவீதம் இன்னும் 3.8, ஆகவே விடக் கூடாது" என்று கணக்குக் காட்டுவார்கள். அந்த எண்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். அதில் பெரும்பகுதி மனிதர்கள் இறக்கியது கிடையாது. யாரோ ஒருவரின் தானியங்கி டெஸ்ட் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது நிரலில் பதியும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், புதிதாக நிறுவிக்கொண்டிருக்கும். 3.8-இல் ஓடும் ஒரே ஒரு பெரிய அமைப்பு போதும், உங்கள் வரைபடத்தையே வளைத்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. இன்றும் 3.8-இல் இருப்பவர் பெரும்பாலும் உங்கள் லைப்ரரியின் எண்ணையும் பூட்டி வைத்திருப்பவர். எதையும் அசைக்க வேண்டாம் என்றுதான் அவர் பைதானையே மாற்றாமல் இருக்கிறார். நீங்கள் 3.8-க்காக மெனக்கெட்டு 2.0 விட்டாலும் அதை அவர் இறக்கப்போவதில்லை. ஆகவே எத்தனை பேர் 3.8-இல் இருக்கிறார்கள் என்பது தவறான கேள்வி. 3.8-இல் இருந்துகொண்டு உங்கள் புதிய ரிலீஸையும் எதிர்பார்ப்பவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். அப்படி ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் மிகக் கொஞ்சம்.

எண்ணிக்கை முக்கியமாக இருக்கும் இடமும் உண்டு. மொழியின் பதிப்பைப் பயனர் தேர்ந்தெடுக்க முடியாத இடம் அது. பிஎச்பி மொழியில் எழுதிய, இணையதளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் அப்படிப்பட்டது. ஒரு சின்னக் கடைக்காரர் தன் தளத்தை ஏதோ ஒரு ஹோஸ்டிங்கில் வைத்திருக்கிறார், பிஎச்பி என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. அதன் பதிப்பு ஹோஸ்டிங்காரர் கையில். அதனால் வேர்ட்பிரஸ் குழு, ஒரு பிஎச்பி பதிப்பில் ஓடும் தளங்கள் ஏறக்குறைய 5 சதவீதத்துக்குக் கீழே போகும் வரை பொறுத்திருப்பதை வழக்கமாக வைத்திருக்கிறது. அதன் விளைவையும் பாருங்கள். பிஎச்பி 5.6-க்கு 2018 முடிவோடு எல்லா ஆதரவும் நின்றது. வேர்ட்பிரஸ் அதை விட்டது 2023 ஆகஸ்டில், 6.3-இல். பிஎச்பி 5.2 இன்னும் நீளமான கதை. 2011 ஜனவரியில் முடிந்த அதை 2019 மே மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸ் 5.2-தான் கைவிட்டது. அந்த எட்டு வருடமும் வேர்ட்பிரஸுக்கு எழுதியவர்கள் பெயர்கள் மோதாமல் காக்கும் பெயர்வெளிகூட இல்லாத பிஎச்பியில் எழுதினார்கள். கடைக்காரருக்காக அதைச் செய்தார்கள் என்பதை மதிக்கிறேன். உங்கள் பயனர்கள் கடைக்காரர்கள் கிடையாது, நிரல் எழுதுபவர்கள். பைதானை மாற்றுவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பிஎச்பி உலகத்தில் நடந்த இன்னொரு விஷயமும் நினைவில் வைக்கத் தக்கது. பிஎச்பி 5 வந்து பல வருடம் ஆகியும் ஹோஸ்டிங்காரர்கள் 4-ஐ விட்டு நகரவில்லை. மென்பொருள்கள் எல்லாம் 4-இல் ஓடுகின்றனவே, ஏன் மாற்ற வேண்டும் என்றார்கள். மென்பொருள் எழுதியவர்களோ, ஹோஸ்டிங்கில் 4 இருக்கும்போது எப்படி விடுவது என்றார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற நிலை. 2007-இல் பல திட்டங்கள் ஒன்றுசேர்ந்து, 2008 பிப்ரவரி 5-க்குப் பிறகு நாங்கள் வெளியிடும் புதிய பதிப்புகள் பிஎச்பி 5.2 கேட்கும் என்று ஒரே தேதியை அறிவித்தன. கோபிஎச்பி5 என்று அதற்குப் பெயர். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே பிஎச்பி குழுவும் 4-க்கு முடிவு தேதி சொன்னது. தனியாக ஒருவர் செய்திருந்தால் அவரை விட்டு வேறொன்றுக்குப் போயிருப்பார்கள். எல்லோரும் ஒரே தேதி என்றபோது ஹோஸ்டிங்காரர்கள்தான் மாற வேண்டியிருந்தது.

பைதான் 2 விஷயத்திலும் இதேதான் நடந்தது, ஆனால் மிகத் தாமதமாக. 2.7-க்கு முதலில் சொன்ன முடிவு 2015. 2014-இல் அதை 2020-க்குத் தள்ளினார்கள். அந்த ஐந்து வருட நீட்டிப்பு பலருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். லைப்ரரி எழுதியவர்களுக்கு அது இன்னும் ஐந்து வருடம் இரண்டு மொழியில் எழுதும் தண்டனை. தமிழ் எழுத்துகளோடு வேலை செய்தவர்களுக்கு இதன் வலி இன்னும் நன்றாகத் தெரியும். பைதான் 2-இல் "தமிழ்" என்று ஒரு சாதாரணச் சரம் எழுதி அதன் நீளத்தைக் கேட்டால் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் 15 என்று வரும், ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணும். பைதான் 3-இல் 5 வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைதான் 2-இல் அந்தச் சரத்தின் முதல் நான்கு பைட்டுகளைப் பிரித்தெடுத்தால் ஒரு எழுத்தும், இன்னொன்றின் உடைந்த துண்டும் கையில் வரும். இரண்டு பைதானிலும் ஒரே விடை வர வேண்டுமென்றால் ஒவ்வொரு சரத்துக்கும் முன்னால் யூ என்ற முன்னொட்டைப் போட வேண்டும். அந்த முன்னொட்டை 3.0-இல் எடுத்துவிட்டார்கள், 2012-இல் 3.3 வந்தபோது திரும்பச் சேர்த்தார்கள். அதனால் கிட்டத்தட்ட யாருமே பயன்படுத்தாத 3.2-ஐ விட்டதுதான் அன்று பல லைப்ரரிகளுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. எந்தப் பதிப்பை விடலாம் என்று யோசிக்கும்போது இதையும் பாருங்கள். எல்லாவற்றிலும் பழையதுதான் அதிகம் தொல்லை தரும் என்பதில்லை.

கடைசியில் நம்பை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப், ஜூபிட்டர், சைகிட்-லேர்ன் போன்றவை எல்லாம் 2020-க்குள் பைதான் 2-ஐ விடுவோம் என்று ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. நம்பை 2019 ஜனவரியில் வந்த 1.16-ஐப் பைதான் 2-க்கான கடைசி வரிசையாக வைத்து, அதே வருடம் 1.17-இல் அதை விட்டுவிட்டது. இணையதளங்கள் கட்டப் பயன்படும் ஜாங்கோ 1.11-ஐக் கடைசியாக வைத்து, 2017 டிசம்பரிலேயே 2.0-இல் விட்டுவிட்டது. உங்களுக்கு இதில் உள்ள வசதி என்னவென்றால், நீங்கள் சார்ந்திருக்கும் பெரிய லைப்ரரிகள் முன்னால் போய்விட்டன. கேட்பவரிடம் அதையே காட்டலாம்.

இப்போது, எந்த நாட்காட்டியைப் பின்பற்றுவது? பைதான் 3.9-லிருந்து வருடத்துக்கு ஒரு பதிப்பு அக்டோபரில் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருட ஆயுள். சாதாரண லைப்ரரிகளுக்கு அந்த ஐந்து வருடமே போதுமான விதி. பைதான் குழு விட்ட பிறகு வரும் முதல் ரிலீஸில் நீங்களும் விடுவது. அறிவியல் லைப்ரரிகள் இன்னும் வேகமாகப் போகின்றன. நம்பை 2019-இல் நெப் 29 என்ற ஆவணத்தில் 42 மாதம் என்று எல்லை வகுத்தது. அதற்குப் பிறகு வந்த, அறிவியல் லைப்ரரிகளுக்கான பொது வழிகாட்டியான ஸ்பெக் 0 ஒரு பைதான் பதிப்பு வெளிவந்து 3 வருடத்தில் விடலாம் என்கிறது. அந்தக் கணக்கில் 3.10 கூட 2024 அக்டோபரிலேயே போயிருக்க வேண்டும். சியில் எழுதி, பல கணினிகளுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டியவர்களுக்கு அது நியாயம். உங்களுடையது முழுக்கப் பைதான் என்றால் அந்த வேகம் வேண்டாம், பாதுகாப்புத் திருத்தம் வந்துகொண்டிருக்கும் பதிப்பில் இருப்பவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஜாங்கோவின் விதி நடுவில் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஒரு பைதான் பதிப்பின் ஆயுள் முடிந்த பிறகும் உயிரோடு இருக்கப்போகும் முதல் நீண்ட கால ஆதரவுள்ள ஜாங்கோ வரிசை எதுவோ, அதுவே அந்தப் பைதானுக்குக் கடைசி. 3.9 முடிந்தது 2025 அக்டோபரில், ஜாங்கோ 4.2-க்கான திருத்தங்கள் 2026 ஏப்ரல் வரை. ஆகவே 3.9-க்கு 4.2 கடைசி. 3.9-இல் இருப்பவருக்கு அந்தப் பைதானின் ஆயுள் முடியும் வரை பாதுகாப்பான ஒரு ஜாங்கோ நிச்சயம் உண்டு.

"தேதி எதற்கு, புதிய வசதி எப்போது தேவைப்படுகிறதோ அப்போது விட்டால் போதாதா" என்று சிலர் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி விடும் ஒவ்வொரு முறையும் ஒரு வழக்கு நடக்கும். உங்களுக்கு ரிமூவ்ப்ரிஃபிக்ஸ் வேண்டும் என்பதற்காக எங்கள் சர்வரை மாற்றச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள், அந்த இடத்தில் உங்களிடம் நல்ல பதில் இருக்காது. இரண்டு வருடம் முன்பே ரீட்மீயில் எழுதிய தேதி என்றால் யாரும் அதைத் தனிப்பட்ட விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை. நிறுவனத்தில் இருப்பவர்களுக்கும் அது உதவி. மேலாளரிடம் காட்டி நேரம் கேட்க அவர்களுக்கு ஒரு தேதி கிடைக்கிறது.

இதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு. உங்கள் லைப்ரரி அடியில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அவ்வளவு மெதுவாகப் போக வேண்டும். இணையக் கோரிக்கைகளை அனுப்பும் யூஆர்எல்லிப்3 பைதான் உலகத்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. பைதான் 2.7 முடிந்து மூன்று வருடத்துக்கு மேல் கழித்து, 2023-இல் வந்த 2.0-இல்தான் அதை விட்டார்கள், 1.26 வரிசைக்குத் திருத்தங்களையும் தொடர்ந்து கொடுத்தார்கள். செர்டிஃபை போன்றது வேறு வகை. நம்பகமான சான்றிதழ்களின் பட்டியலும் அதை எடுத்துக் கொடுக்கும் சில வரிகளும்தான் அதில் இருக்கின்றன. பழைய பதிப்பை வைத்திருப்பதில் செலவே இல்லை, விட்டால் பழைய கணினிகளுக்குப் புதிய சான்றிதழ் போகாது. அப்படிப்பட்டதை நாட்காட்டி பார்த்து விடக் கூடாது.

சி உலகம் இதைவிட ஆழம். பைதானில் ஐந்து வருடம் என்றால் அங்கே இருபது, முப்பது வருடம். போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் 1999-இன் சி தரத்தைக் கட்டாயமாக்கியது 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பில். லினக்ஸ் கர்னல் 2022 வரை 1989-இன் சியிலேயே இருந்தது. சுழற்சிக்குள் பயன்படுத்த வேண்டிய ஒரு மாறியைச் சுழற்சி முடிந்த பிறகும் தொட முடிவதால் வந்த ஒரு பாதுகாப்புச் சிக்கலைப் பற்றிப் பேசப்போய், அந்த மாறியைச் சுழற்சியைத் தொடங்கும் ஃபார் வரிக்குள்ளேயே அறிவிக்க முடிந்தால் இந்தத் தவறே நடக்காதே என்று பேச்சு திரும்பியது. கர்னலின் 5.18-இல் 2011-இன் சிக்கு மாறினார்கள். அதற்குச் சில மாதம் முன்பே 5.15-இல் குறைந்தபட்சம் ஜிசிசி கம்பைலரின் 5.1 பதிப்பு வேண்டும் என்று ஆக்கியிருந்ததால் மாற்றம் சுலபமாக முடிந்தது.

நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் குழு கையாண்ட முறை இன்னும் அழகு. தங்கள் பயனர்கள் எந்தெந்தக் கம்பைலரில் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அதனால் ஒரு புதிய சி வசதியை ஒரே ஒரு கோப்பில், யாராவது புகார் சொன்னால் உடனே திருப்பி எடுக்கக்கூடிய இடத்தில் எழுதி ரிலீஸோடு அனுப்புவார்கள். சோதனை பலூன் என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2017-இல் கட்டமைப்புகளுக்குப் பெயர் குறிப்பிட்டு மதிப்புக் கொடுக்கும் முறையை இப்படி அனுப்பினார்கள். 2021-இல் ஃபார் வரிக்குள் மாறியை அறிவிப்பதை அனுப்பினார்கள். சில ரிலீஸ்கள் போன பிறகும் யாரும் உடைந்தது என்று வரவில்லை என்றால் எல்லா இடத்திலும் பயன்படுத்தலாம். உங்கள் லைப்ரரியும் லினக்ஸ் வினியோகங்களின் வழியாக, நீங்கள் பார்க்காத கணினிகளில் கட்டப்படுவது என்றால் இந்த வழியைப் பின்பற்றுங்கள்.

சரி, அந்தக் கம்பெனிக்காரருக்கு வருவோம். அவரிடம் இருப்பது 3.8 என்றால் சர்வர் அநேகமாக உபுண்டு 20.04, 3.9 என்றால் ரெட்ஹேட் லினக்ஸ் 9. ரெட்ஹேட் 9-க்கான ஆதரவு 2032 வரை உண்டு, அதோடு வரும் 3.9-ஐ ரெட்ஹேட்டே அதுவரை திருத்திக் கொடுக்கும். அதற்குத்தான் அவர்கள் பணம் வாங்குகிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் எங்கேயும் இல்லை. அதோடு, அதே ரெட்ஹேட் 9-இல் 3.11-உம் 3.12-உம் தனித் தொகுப்புகளாகக் கிடைக்கின்றன, ஒரே கட்டளையில் பழைய 3.9-க்குப் பக்கத்திலேயே நிறுவிக்கொள்ளலாம். இயங்குதளத்தோடு வரும் பைதான் இயங்குதளத்தின் வேலைக்கு, தங்கள் நிரலுக்குத் தனிப் பைதான் என்று பிரித்துவிட்டால் அவருடைய பிரச்சினையே தீர்ந்துவிடும். உபுண்டுவில் யூவி போன்ற கருவியால் நிர்வாகி (ரூட்) அனுமதி இல்லாமலே புதிய பைதானை இறக்கலாம். பலருக்கு இது தெரியாது. கோபமாகப் பதில் எழுதுவதற்குப் பதில் இந்த இரண்டு வழியையும் சொல்லிவிடுங்கள். அதற்கும் முடியாது என்றால், 1.9 கிளையை அவர் பராமரிக்க முன்வருகிறாரா, அல்லது அவருடைய நிறுவனம் பணம் கொடுக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலையைச் செய்யும் வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் 1.9-ஐ ஒரு தனிக் கிளையாக எடுத்து வையுங்கள். பாதுகாப்பு ஓட்டை ஏதாவது வந்தால் அதற்கு மட்டும் ஒரு வருடம் அங்கே திருத்தம் கொடுங்கள், புதிய வசதி எதுவும் அங்கே போகக் கூடாது. முதன்மைக் கிளையில் ரெக்வயர்ஸ்-பைதான் வரியையும் டெஸ்ட் பட்டியலையும் மட்டும் மாற்றும் ஒரு சின்ன கமிட். உங்களுக்கு வந்திருக்கும் மாற்றத்தில் இதோடு சேர்த்து நூற்றுக்கணக்கான வரிகளில் பழைய இலக்கணத்தைப் புதுப்பித்தும் இருந்தால், அதைத் தனியாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். பைஅப்கிரேட் அல்லது ரஃப் என்ற கருவி அதைத் தானாகவே செய்துவிடும், அவசரம் இல்லை. மேலும் முதல் இரண்டு மாதத்தில் 1.9-க்குத் திருத்தம் ஏதாவது எடுத்துப்போக வேண்டி வந்தால், நிரல் அதிகம் மாறாமல் இருந்தால்தான் சுலபம். எண் விஷயத்தில் முதல் எண்ணைத்தான் கூட்ட வேண்டுமா என்று சண்டை போடுகிறார்கள். 2.0 ஆனாலும் 1.10 ஆனாலும் பிப்புக்கு ஒன்றுதான், உங்கள் பழக்கம் எதுவோ அப்படியே செய்யுங்கள். ஆனால் 1.9.4-லிருந்து 1.9.5 போகும் சின்ன ரிலீஸில் மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். பக் திருத்தம் வேண்டி நிற்பவர் அதை நம்பித்தான் இறக்குகிறார்.

3.10-க்கு 2026 அக்டோபரோடு ஆயுள் முடிகிறது. அதற்குப் பிறகு வரும் ரிலீஸில் 3.10 இருக்காது என்ற வரியை இந்த ரிலீஸின் குறிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். கம்பெனிக்காரருக்கு எழுதும் பதிலில் 1.9 கிளையின் கடைசித் தேதியையும் போட்டு அனுப்புங்கள்.